"ஏன் தனியே போனாய்?" என்று கேட்டுவிட்டேன்

கேள்வி: வணக்கம் மிஸ். கொட்டாஞ்சேனையில் என் வீட்டு மேல்மாடியில் பல வருடமாகத் தையல் வகுப்பு நடத்துகிறேன். வேலை முடிந்து பின்னேரம் வரும் பிள்ளைகள்தான் அதிகம். அவர்களில் ஒருத்தி ஹட்டன் பக்கத்துத் தோட்டப் பிள்ளை, இருபது வயது. புறக்கோட்டையில் ஒரு புடவைக் கடையில் வேலை செய்கிறாள். கடைக்காரர் எடுத்துக் கொடுத்த போர்டிங்கில்தான் இருக்கிறாள். இரண்டு கிழமைக்கு முன் வகுப்பு முடிந்தும் போகாமல் நின்றாள். அதற்கு முந்தின நாள் கடை சுப்பர்வைசர் ஸ்டொக் பார்க்க வேண்டும் என்று ஸ்டோர் அறைக்குக் கூப்பிட்டுத் தன்னைக் கெடுத்துவிட்டதாகச் சொன்னாள். என் வாயில் முதலில் வந்தது, "நீ ஏன் தனியே போனாய்?" அவள் ஒன்றும் பேசாமல் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அதற்குப் பிறகு வகுப்புக்கு வரவில்லை. பாதி தைத்த ப்ளவுஸ் இன்னும் இங்கேதான் கிடக்கிறது. நான் என்ன செய்வது? பொலிஸுக்குப் போகச் சொல்லவா? தோட்டத்தில் இருக்கும் அம்மாவுக்கு அறிவிக்கவா? வகுப்பில் இன்னும் பதினெட்டுப் பிள்ளைகள் இருக்கிறார்கள். எங்கள் ஒழுங்கைப் பெண்கள் நாலைந்து பேர் சேர்ந்து ஏதாவது செய்ய முடியுமா? (கடிதம் சுருக்கப்பட்டுள்ளது.)

பதில்:

அன்புள்ள அக்கா,

பிள்ளையின் பெயரையும் கடையின் பெயரையும் எடுத்துவிட்டேன். வேறு சில விவரங்களையும் மாற்றியிருக்கிறேன். உங்களை அறிந்தவர்கள் வாசித்தாலும் அவளை அடையாளம் காண முடியாது.

நீங்கள் அனுப்பிய முழுக் கடிதத்தில் அந்த ஒரு கேள்வியை மூன்று இடத்தில் எழுதியிருந்தீர்கள். எவ்வளவு வருந்துகிறீர்கள் என்று அதிலேயே தெரிந்தது. "ஏன் தனியே போனாய்" என்பது நம் அம்மாமாரிடமிருந்து நமக்கு வந்த கேள்வி. பயத்தில் வாயில் வருவது. ஆனால் கேட்கிற பிள்ளையின் காதில் அது "பிழை உன்னுடையது" என்றுதான் விழும். அவளும் அந்த இரவு முழுக்கத் தன்னை அதையேதான் கேட்டிருப்பாள். சுப்பர்வைசர் கூப்பிட்டால் ஸ்டோருக்குப் போவதுதானே அக்கா அவளுடைய வேலை.

ஆகவே நீங்கள் திரும்பவும் அவளிடம் போக வேண்டும். மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான். போனில் வேண்டாம். போர்டிங்குக்குள்ளும் பேச வேண்டாம், அது கடைக்காரர் எடுத்துக் கொடுத்த இடம். ப்ளவுஸைக் கொடுக்க வந்தேன் என்று சொல்லி வெளியே கூட்டிக்கொண்டு வாருங்கள். கொச்சிக்கடை அந்தோனியார் கோயில் முற்றத்தில் இரண்டு பெண்கள் உட்கார்ந்து பேசினால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். நிறையப் பேசத் தேவையில்லை. "அண்டைக்கு நான் கேட்டது பிழை. நீ சொன்னதை நான் நம்புறன். உன்னில ஒரு பிழையும் இல்ல. இப்ப கதைக்க விருப்பமில்லையெண்டாலும் பரவாயில்ல, நான் இருக்கிறன்." இவ்வளவு போதும். அவள் அழுதால் அழட்டும். "அழாதே" என்று சொல்ல வேண்டாம். என்ன நடந்தது, எப்படி நடந்தது என்று நீங்கள் விசாரிக்கவும் வேண்டாம். அதைச் சொல்ல வேண்டிய இடங்கள் அவளுக்கு முன்னால் இருக்கின்றன. ஒவ்வொரு தடவையும் சொல்வது அவளுக்கு மறுபடி அதற்குள் போய் வருவது போல. நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியது மூன்றுதான்: இன்று இரவு அவள் படுக்கும் இடம் பத்திரமா, அவன் இன்னமும் அவளை நெருங்குகிறானா, உடம்பு எப்படி இருக்கிறது.

இன்னொரு விஷயம். "கெடுத்துவிட்டான்" என்ற சொல்லைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். நம் வீடுகளில் எல்லோரும் சொல்கிற சொல்தான், நீங்கள் கெட்ட எண்ணத்தில் எழுதவில்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் அந்தச் சொல்லில் கெட்டுப்போனது அவள் என்றுதான் வருகிறது. பாலியல் வல்லுறவு என்பது பத்திரிகைச் சொல் போல இருந்தால், "அவன் செய்த அநியாயம்" என்று சொல்லுங்கள். அநியாயத்தைச் செய்தவன் யார் என்பது அதில் தெளிவாக இருக்கிறது.

அவளே உங்களிடம், "நான் கத்தவும் இல்ல, தள்ளவும் இல்ல" என்று சொல்லக்கூடும். என்னிடம் வந்தவர்களில் பலர் இதைத்தான் தலை குனிந்து சொல்லியிருக்கிறார்கள். பயம் ஓர் எல்லை தாண்டும்போது உடம்பு விறைத்துப் போகும், குரல் எழாது. யாரும் நினைத்துச் செய்வதில்லை அது. நம் சட்டமும் இதை ஏற்கிறது. தண்டனைச் சட்டக்கோவையின் 363ஆம் பிரிவு 1995இல் திருத்தப்பட்டபோது, சம்மதம் இருக்கவில்லை என்று நிரூபிக்க உடம்பில் காயம் போன்ற எதிர்ப்பின் அடையாளம் அவசியமில்லை என்று எழுதியே வைத்தார்கள். இதை அவளுக்குச் சொல்லுங்கள். பயந்து நின்றது சம்மதம் ஆகாது.

சரி, இப்போது உடம்பைப் பற்றி. இது உங்களுக்குக் கஷ்டமாக இருக்கும், இருந்தாலும் சொல்லாமல் விட முடியாது. அவள் உங்களிடம் வந்தது சம்பவத்துக்கு அடுத்த நாள். அன்றே ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தால் எச்.ஐ.வி. தொற்றாமல் தடுக்கும் மருந்தைத் தொடங்கியிருக்கலாம். அது 72 மணித்தியாலத்துக்குள், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு சீக்கிரம் தொடங்க வேண்டிய மருந்து. கர்ப்பம் தரிக்காமலிருக்க எடுக்கும் அவசர மாத்திரையும் முதல் மூன்று நாளுக்குள் நல்ல பலன் தரும். உங்களைக் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை. உங்கள் வகுப்பிலிருந்து நாளைக்கு இன்னொரு பிள்ளை வந்து நின்றால், "பிறகு பார்ப்போம்" என்று எண்ணாமல் அந்த இரவே முச்சக்கர வண்டி பிடித்து பெரியாஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்பதற்காகத்தான். பொலிஸில் முறைப்பாடு எழுதிக்கொண்டுதான் போக வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். நேரே ஆஸ்பத்திரிக்குப் போகலாம். சிகிச்சை முதலில் நடக்கும், முறைப்பாடு செய்ய விரும்பினால் ஆஸ்பத்திரிப் பொலிஸ் அங்கேயே இருக்கிறது. குளிக்காமல், உடுப்பை மாற்றியிருந்தால் அதைத் துவைக்காமல் கடதாசிப் பையில் போட்டு எடுத்துப் போவது நல்லது. பொலித்தீன் பையில் ஈரம் தங்கி அடையாளங்கள் அழிந்துவிடும்.

இரண்டு கிழமை கடந்த இவளுக்கு இப்போது என்ன செய்யலாம்? செய்யக் கூடியது இன்னும் நிறைய இருக்கிறது. கொழும்பு 10 டி சேரம் பிளேஸில் தேசிய பாலியல் நோய், எயிட்ஸ் தடுப்பு நிகழ்ச்சித்திட்டத்தின் கிளினிக் இருக்கிறது. அரசாங்க இடம், காசு இல்லை, இரகசியம் காப்பார்கள். இப்போது ஒரு தடவையும் மூன்று மாதம் கழித்து ஒரு தடவையும் இரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும். மற்றத் தொற்றுகள் இருந்தால் பெரும்பாலானவை மருந்தில் சுகமாகும். மாதவிடாய் தள்ளிப் போயிருந்தால் கர்ப்பப் பரிசோதனை செய்யச் சொல்லுங்கள். சம்பவம் நடந்து மூன்று வாரம் கழித்துச் செய்வது நம்பகமாக இருக்கும். அப்படி ஏதாவது என்றால் யாரோ சொன்ன மருந்தை யாரோ ஒருவரிடம் வாங்கிக் குடிக்க விட்டுவிடாதீர்கள். நம் நாட்டுச் சட்டம் தாயின் உயிரைக் காப்பாற்ற மட்டுமே கருக்கலைப்பை அனுமதிக்கிறது. அதனால் பயந்து மறைவான இடங்களுக்குப் போய் உயிரை விட்டவர்கள் இருக்கிறார்கள். வைத்தியரிடம் கூட்டிப் போங்கள், தனியாக அனுப்பாதீர்கள்.

அரசாங்க ஆஸ்பத்திரிகளில் "நட்பு நிலையம்" என்று ஒரு பிரிவு இருப்பது நம் சனத்துக்கு அதிகம் தெரியாது. சிங்களத்தில் "மிதுரு பியச" என்று பலகை இருக்கும். வன்முறைக்கு ஆளான பெண்கள் வந்து பேசுவதற்கென்றே சுகாதார அமைச்சு வைத்திருக்கும் இடம். பயிற்சி பெற்ற தாதிகளும் வைத்தியர்களும் பொறுமையாகக் கேட்பார்கள். வெளிநோயாளர் பகுதியில் நின்று சத்தமாகக் கதை சொல்ல வேண்டியதில்லை, "நட்பு நிலையம் எங்கே" என்று மட்டும் கேட்டால் போதும்.

பொலிஸுக்குப் போகச் சொல்லவா என்று கேட்டீர்கள். சொல்ல வேண்டாம். வழி என்ன என்று விளக்குங்கள், முடிவை அவள் எடுக்கட்டும். இருபது வயதுப் பெண் அவள். ஸ்டோர் அறையில் அவளுடைய விருப்பத்தை ஒருவன் மதிக்கவில்லை. நாமும் நல்லெண்ணத்தில் அதையே செய்துவிடக் கூடாது. பதினெட்டு வயதுக்குக் குறைந்த பிள்ளை என்றால் கதை வேறு. அங்கே பெரியவர்கள் நாம்தான் பொறுப்பெடுத்து 1929க்கு, சிறுவர் பாதுகாப்பு அதிகார சபைக்கு, உடனே அறிவிக்க வேண்டும்.

அவளுக்குக் காலம் இருக்கிறது என்பதையும் சொல்லுங்கள். இந்தக் குற்றத்துக்கு வழக்குத் தொடரும் காலம் இருபது வருடம். ஆனால் சிசிடிவிப் பதிவு அழிந்துவிடும், கூட வேலை செய்தவர்கள் மறந்துவிடுவார்கள், அதனால் சீக்கிரம் போவது வழக்குக்கு நல்லது. முடிவெடுக்கும் வரை திகதி, நேரம், அவன் என்ன சொன்னான், அன்று கடையில் யார் இருந்தார்கள் என்று ஒரு கொப்பியில் அவளுடைய கையாலேயே எழுதி வைக்கட்டும். அவன் அனுப்பிய வாட்ஸ்அப் ஏதாவது இருந்தால் அழிக்க வேண்டாம்.

முறைப்பாடு செய்தால் பொலிஸ் ஒரு படிவம் கொடுத்து சட்ட வைத்திய அதிகாரியிடம் அனுப்பும். அவளுடைய சம்மதம் இல்லாமல் அவர் பரிசோதிக்க மாட்டார். இரண்டு கிழமைக்குப் பிறகு காயம் தெரியாமல் போகலாம். அதனால் அவள் பொய் சொன்னாள் என்று ஆகாது. பிறகு நீதவான் நீதிமன்றம், அங்கிருந்து சட்டமா அதிபர் மேல் நீதிமன்றத்தில் வழக்கு. வழக்கை நடத்துவது அரசு, அதற்கு அவள் சட்டத்தரணிக்குக் காசு கட்டத் தேவையில்லை. அவள் பக்கம் நின்று பார்க்க ஒரு சட்டத்தரணி வேண்டுமென்றால் புதுக்கடையில் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது. வழக்கு முடிய வருடங்கள் ஆகும். இதை மறைத்துச் சொல்லி அவளை அனுப்பாதீர்கள். நடுவில் மனம் உடைந்து நிற்பவர்களில் அநேகம் பேர், இவ்வளவு காலம் எடுக்கும் என்று யாரும் முதலில் சொல்லாதவர்கள்.

இங்கே நான் அழுத்திச் சொல்ல விரும்புவது மொழி. பல வருடங்களுக்கு முன் வீட்டு வேலை செய்த ஒரு பிள்ளையின் வழக்கில் எனக்கு ஏற்பட்ட அனுபவம் இது. முறைப்பாடு எழுதிய அன்று நான் அவளோடு இருக்கவில்லை. அவள் தமிழில் சொன்னாள், எழுதியவர் சிங்களத்தில் எழுதினார். "என்னைக் கூட்டிக்கொண்டு போனார்" என்று அவள் சொன்னது, "அவரோடு போனேன்" என்ற மாதிரி எழுதப்பட்டிருந்தது. வாசித்துக் காட்டாமலே கையெழுத்து வாங்கிவிட்டார்கள். நீதிமன்றத்தில் எதிர்த்தரப்புச் சட்டத்தரணி அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு அவளைப் படுத்திய பாடு இன்னும் என் கண்ணில் நிற்கிறது. அரசியலமைப்பின் நான்காம் அத்தியாயப்படி, கொழும்பிலும் அரச அலுவலரோடு தமிழில் தொடர்புகொள்ள நமக்கு உரிமை உண்டு. ஆகவே "வாக்குமூலத்தைத் தமிழில் எழுதுங்கள், முடியாவிட்டால் தமிழ் தெரிந்தவரைக் கூப்பிடுங்கள், வாசித்துக் காட்டிய பிறகு கையெழுத்து வைக்கிறேன்" என்று கேட்கலாம். அவளுக்குத் தனியே கேட்கத் தைரியம் வராது. பக்கத்தில் நீங்கள் இருந்தால் வரும். பெண்கள், சிறுவர் பிரிவுக்குப் போய்ப் பெண் அதிகாரியைக் கேளுங்கள். முறைப்பாட்டு இலக்கத்தை வாங்காமல் திரும்பாதீர்கள்.

கடையிலிருந்து "சமாதானமாகப் போவோம்" என்று யாராவது கட்டாயம் வருவார்கள். காசு பேசுவார்கள். சிலவேளை கலியாணமே பேசுவார்கள். பாலியல் வல்லுறவு மத்தியஸ்த சபையில் பேசித் தீர்க்கிற விடயம் இல்லை, கோயில் பெரியவர்கள் பேசித் தீர்க்கிற விடயமும் இல்லை. மிரட்டினால், திருட்டுப் பட்டம் கட்டுவோம் என்று வெருட்டினால், அதுவும் தனிக் குற்றம். பாதிக்கப்பட்டவர்களையும் சாட்சிகளையும் பாதுகாக்க 2015இல் வந்த சட்டம் 2023ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கச் சட்டமாகப் புதுப்பிக்கப்பட்டிருக்கிறது. அதன் கீழ் ஓர் அதிகார சபையே இயங்குகிறது, பாதுகாப்புக் கேட்கலாம். அவளுடைய பெயரையோ படத்தையோ வெளியிடுவதும் தண்டனைச் சட்டக்கோவையின் 365சி பிரிவின் கீழ் குற்றம். ஒழுங்கை வாட்ஸ்அப் குரூப்பில் யாராவது "அந்தக் கடைப் பிள்ளை யார் தெரியுமா" என்று தொடங்கினால் நீங்கள் அந்த இடத்திலேயே நிறுத்துங்கள்.

சட்டத்தை விட அவளை அதிகம் பயமுறுத்துவது, வேலை போனால் போர்டிங்கும் போகும் என்பதாகத்தான் இருக்கும். மாதக் காசில் பாதி தோட்டத்துக்குப் போகிறதென்றால் அவளால் நாளையே வேலையை விட முடியாது. இதில்தான் உங்கள் ஒழுங்கை தேவைப்படுகிறது. ஒரு மாதம் அவள் தங்க யாருடைய வீட்டிலாவது ஓர் அறை, தெரிந்த கடையில் ஒரு வேலை, சாப்பாட்டுக்கு ஓர் ஏற்பாடு. உங்களால் முடியாவிட்டால் விமன் இன் நீட் அமைப்பைக் கூப்பிடுங்கள். 1987இலிருந்து இயங்கும் இந்த அமைப்பில் உளவளத்துணை, சட்ட உதவி, தங்குமிடம் மூன்றும் உண்டு. இலக்கம் 077 567 6555. மகளிர் அமைச்சின் உதவி இலக்கம் 1938, தமிழில் பேசலாம். பொலிஸ் சிறுவர், மகளிர் பணியகத்துக்கு 109. அந்த நிமிடமே ஆபத்து என்றால் 119. அவள் தூங்காமல், சாப்பிடாமல், சாவதைப் பற்றிப் பேசத் தொடங்கினால் 1926க்கு எடுங்கள், தேசிய மனநல நிறுவனத்தின் இலக்கம் அது. அவளைத் தனியே விடாதீர்கள்.

மற்றப் பதினெட்டுப் பிள்ளைகளைப் பற்றி. உங்கள் மேல்மாடி ஏற்கனவே ஒரு புகலிடம்தான் அக்கா. தன் அம்மாவிடம் சொல்ல முடியாததைச் சொல்ல ஒரு பிள்ளை அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தாள். ஒரு நாள் கொஞ்சம் முன்பாக வகுப்பை முடித்து, கதவைச் சாத்திக்கொண்டு பேசுங்கள். இவளைப் பற்றி ஒரு வார்த்தையும் வரக் கூடாது. பஸ்ஸிலிருந்து தொடங்குங்கள், வாய் தானாகத் திறக்கும். ஐக்கிய நாடுகள் சனத்தொகை நிதியம் 2015இல் செய்த ஆய்வில், பஸ்ஸிலும் ரயிலிலும் பாலியல் தொல்லைக்கு ஆளானதாகப் பெண்களில் 90 வீதமானவர்கள் சொன்னார்கள். பொலிஸ் உதவியை நாடியவர்கள் 4 வீதம் மட்டுமே. காலி வீதி 100 பஸ்ஸில் போய் வரும் எந்தப் பிள்ளைக்கும் இந்தக் கணக்கை விளக்கத் தேவையில்லை. அங்கிருந்து வேலையிடத்துக்கு வாருங்கள். மேலதிகாரி சொல்லால் செய்யும் பாலியல் தொல்லையும் தண்டனைச் சட்டக்கோவையின் 345ஆம் பிரிவின் கீழ் குற்றம் என்று சொல்லுங்கள். ஐந்து வருடம் வரை சிறை கிடைக்கலாம். "ஸ்டோருக்கு வா" என்றால் இரண்டு பேராகப் போக ஒரே கடையில் வேலை செய்யும் பிள்ளைகள் தங்களுக்குள் பேசி வைக்கலாம். ஆனால் இப்படிப் பேசும்போது ஒன்றில் கவனம்: தனியாகப் போய் ஏதாவது நடந்தாலும் பிழை உங்களுடையதல்ல என்பதை அதே மூச்சில் சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் "ஏன் தனியே போனாய்" என்பதையே வேறு விதமாகச் சொன்னதாகிவிடும்.

மேலே நான் எழுதிய இலக்கங்களை ஒரு தாளில் பெரிதாக எழுதி மெஷின்களுக்கு மேலே ஒட்டாதீர்கள். எல்லோருக்கும் முன்னால் யாரும் குறித்துக்கொள்ள மாட்டார்கள். மலசலகூடக் கதவின் உட்பக்கம் ஒட்டுங்கள்.

ஒழுங்கைப் பெண்கள் நாலைந்து பேர் என்றீர்களே, எல்லோரும் எல்லாம் செய்யத் தேவையில்லை. சிங்களம் நன்றாகத் தெரிந்தவர் பொலிஸுக்குக் கூடப் போகட்டும். ஆஸ்பத்திரியில் ஆள் தெரிந்தவர் அங்கே போகட்டும். அறை இருக்கிறவர் அறை கொடுக்கட்டும். பிரதேச செயலகத்தில் பெண்கள் அபிவிருத்தி உத்தியோகத்தரும் உளவளத்துணை உத்தியோகத்தரும் இருக்கிறார்கள். பிரச்சினை ஒன்றும் இல்லாத ஒரு நாளில் போய் அவர்களைச் சந்தித்து, முகம் பழகிக்கொண்டு வாருங்கள். அவசரத்தில் போய் நிற்கும்போது அது பெரிய உதவியாக இருக்கும். அப்புறம், உங்கள் ஒழுங்கை முனையில் நிற்கும் பையன்களையும் விட்டுவிடாதீர்கள். அவர்களுடைய அம்மாமாரும் இந்த நாலைந்து பேருக்குள் இருப்பார்கள் அல்லவா? பிள்ளைகளுக்குப் புத்தி சொல்லக் கூட்டம் போடுகிற நாம், மகன்மாரை உட்கார வைத்துப் பேசியது எத்தனை தரம்?

கடைசியாக அம்மா. அவளைக் கேட்காமல் அறிவிக்க வேண்டாம். உங்கள் மனம் தாங்காமல்தான் கேட்கிறீர்கள் என்று விளங்குகிறது. நானும் ஒரு பிள்ளைக்கு அம்மா. ஆனால் லயத்தில் ஒரு வீட்டுக்குப் போன செய்தி ஒரே இரவில் பத்து வீட்டுக்குப் போய்விடும். அம்மா பதறி வந்து அவளைக் கூட்டிக்கொண்டு போகலாம், வேலையும் படிப்பும் அத்தோடு நின்றுவிடலாம். அல்லது அம்மாதான் அவளுக்கு மிகப் பெரிய துணையாகவும் இருக்கலாம். எந்த மாதிரி அம்மா என்பது அவளுக்குத்தான் தெரியும். "அம்மாவுக்குச் சொல்ல விருப்பமா, நான் பக்கத்தில இருக்கவா" என்று கேளுங்கள். இப்போது வேண்டாம் என்றால் விட்டுவிட்டு, ஒரு மாதம் கழித்து இன்னொரு தரம் கேளுங்கள்.